டிட்லிஸ் மலை: சேர் லிஃப்டும் தொங்கு பாலமும் – பெரியவர்கள், குழந்தையோடு போக விவரம் வேண்டும்

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்)

வணக்கம். ஜூன் கடைசியில் பாரிஸில் தங்கை வீட்டுக்குப் போகிறோம். நடுவில் மூன்று நாள் சுவிட்சர்லாந்து. லுசேர்னில் தங்கி, ஒரு நாள் டிட்லிஸ். மொத்தம் ஆறு பேர். அப்பாவுக்கு 71, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 66, சர்க்கரைக்கு இன்சுலின். பையனுக்கு 12, பெண்ணுக்கு 4. பனிமேல் போகிற ஐஸ் ஃப்ளையர் சேர் லிஃப்ட், கிளிஃப் வாக் தொங்கு பாலம், இந்த இரண்டும்தான் எல்லோருக்கும் ஆசை. டிராவல்ஸில் கேட்டால் "எல்லாம் போகலாம் சார், ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். கடலோரத்திலேயே வாழ்ந்தவர்களை 3,000 மீட்டருக்கு அழைத்துப் போவதில் என்ன கவனிக்கணும்? பாலம் எவ்வளவு ஆடும்? புடவையோடு சேர் லிஃப்டில் ஏற முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை

முதலில் வழி. லுசேர்னிலிருந்து எங்கெல்பெர்க்குக்கு மணிக்கு ஒரு ரயில், 43 நிமிடம். ஸ்டேஷனிலிருந்து கேபிள் கார் நிலையம் பத்து நிமிட நடை. எங்கெல்பெர்க் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். அங்கே எட்டு பேர் உட்காரும் கேபினில் ஏறுவீர்கள். 1,800 மீட்டரில் டிரூப்சே நிலையம். அங்கே இறங்காமல் அதே கேபினில் உட்கார்ந்திருந்தால் 2,428 மீட்டரில் ஷ்டாண்ட். ஷ்டாண்டில் இறங்கி ரோட்டேருக்கு மாறணும். 1992 டிசம்பரில் ஓடத் தொடங்கிய உலகின் முதல் சுழலும் கேபிள் கார் அதுதான். ஐந்து நிமிடத்தில் முழுதாக ஒரு சுற்று சுற்றிவிடும், அதனால் இடம் பிடிக்க முண்டியடிக்கத் தேவையில்லை. இறங்குகிற இடம் 3,020 மீட்டர். 3,238 மீட்டர் சிகரம் அதற்கும் மேலே, மலையேறிகளுக்கு உரியது.

மேலே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள், பாதி அலைச்சல் மிச்சம். நிலையத்துக்குள்ளேயே கீழ்த்தளத்தில் பனிக்குகை. பக்கத்தில் சுரங்க வழியாகப் போனால் பாறையில் குடைந்த தெற்குச் சுவர் ஜன்னல். பாலம் அந்த ஜன்னலில் தொடங்கி ஐஸ் ஃப்ளையர் நிலையத்தில் முடிகிறது. ஆக, பாலமும் சேர் லிஃப்டும் ஒரே கோட்டில் வருகின்றன. ஐஸ் ஃப்ளையர் அங்கிருந்து பனியாற்றுக்கு மேலாகக் கீழே இறங்கும், அதிலேயே திரும்ப ஏறி வரலாம்.

டிக்கெட் பெரியவர்களுக்குப் போக வர நூறு பிராங்கை ஒட்டி வரும். சுவிஸ் டிராவல் பாஸ் அல்லது ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தால் பாதிதான். மூன்று நாளும் ரயிலில் சுற்றுவதாக இருந்தால் பாஸ். டிட்லிஸும் ஒன்றிரண்டு ரயிலும் மட்டும் என்றால் ஹாஃப் ஃபேர் கார்டு. ஐஸ் ஃப்ளையர் உங்கள் டிக்கெட்டில் சேர்ந்ததா, அன்று ஓடுகிறதா என்று கீழே கவுண்டரிலேயே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மேலே போய்க் கேட்டுப் பயனில்லை.

ஊசுட்டேரி

ஒரே ஒரு விஷயம். மேலே போனதும் பாலத்தையும் சேர் லிஃப்டையும் முதலில் முடிச்சிடுங்க. குகை, கடை, சாப்பாடு எல்லாம் கட்டடத்துக்குள்ளே இருக்கு, எங்கேயும் ஓடிப்போகாது. பழனியில காத்து பலமா அடிச்சா ரோப் காரை நிறுத்துவாங்க இல்ல, அதே கதைதான். மலையில காத்து ஏறினா முதல்ல மூடறது இந்த ரெண்டையும்தான், கடைசியா திறக்கறதும் இதைத்தான். கோடையில மதியத்துக்கு மேல மேகம் திரண்டு மலையை மூடிடும். பதினோரு மணிக்குள்ளே ரெண்டும் முடிஞ்சிருக்கணும்.

வில்லியனூர் செவிலி

ஊசுட்டேரி அண்ணா சொல்வது இளவட்டங்களுக்குச் சரி. 71 வயது பிபிக்காரருக்கும் இன்சுலின் போடும் அம்மாவுக்கும் அப்படிச் சொல்லாதீர்கள். 3,020 மீட்டரில் காற்றழுத்தம் நம் கடலூரில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் முப்பது சதவீதம் குறைவு. எங்கெல்பெர்க்கில் ஏறி அரை மணியில் 2,000 மீட்டர் உயர்ந்துவிடுகிறீர்கள். உடம்பு அதை ஈடுகட்ட இதயத் துடிப்பைக் கூட்டும், மூச்சை வேகமாக்கும், பிபி கொஞ்சம் ஏறும். ரோட்டேரை விட்டு இறங்கியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் படி ஏறுகிறவர்கள்தான் தலைசுற்றி உட்காருகிறார்கள்.

அந்த நிலையில் ஒரு மீட்டர் அகலப் பாலத்தில் நிற்பது நல்லதல்ல. மேலே போய் இருபது நிமிடம் உட்காருங்கள். வெதுவெதுப்பாகத் தண்ணீர் குடியுங்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் இன்னும் நேரம் கொடுக்கணும்.

ஊசுட்டேரி

அக்கா, அந்த இருபது நிமிஷத்துல காத்து ஏறிடுச்சுன்னா? இவ்வளவு தூரம் வந்து பாலத்துல சங்கிலி போட்டிருக்கறதைப் பார்த்துட்டுத் திரும்புற குடும்பங்க நிறைய.

முத்தியால்பேட்டை

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். உட்கார வேண்டிய நேரத்தை மேலே செலவழிக்காமல் டிரூப்சேயில் செலவழியுங்கள். 1,800 மீட்டர், ஏரிக்கரை, சமதளம், கழிவறை இருக்கிறது. கேபின் கதவு திறக்கும்போது இறங்கிவிட்டு, அதே டிக்கெட்டில் பிறகு ஏறிக்கொள்ளலாம். முதல் ரயிலைப் பிடித்து வந்து, காலை டிபனை அங்கே முடித்து, முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு ஏறினால் உடம்புக்கு ஒரு படி கிடைக்கிறது. மேலே போய்ப் பத்து நிமிட நிதானம் போதும், நேராகப் பாலம். பகல் பத்தரைக்குள் அங்கே இருக்கலாம்.

வில்லியனூர் செவிலி

இது எனக்குச் சம்மதம். டிரூப்சேயிலேயே அப்பாவுக்குத் தலைவலி, படபடப்பு இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒருவர் கூட இருங்கள். மேலே போன பிறகு தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் மருந்து தேடாமல் இறங்குவதுதான் வைத்தியம். 1,000 மீட்டர் இறங்கினாலே தெளிந்துவிடும். சில மாதங்களுக்குள் மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பிபி கட்டுக்குள் வராதவர், கடும் ரத்தசோகை உள்ளவர் இவர்களெல்லாம் இங்கேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பணும். அங்கே போய் யோசிக்கிற விஷயம் இல்லை.

இன்சுலின்: பென்னை வெளிப் பையில் வைத்தால் உறைந்துபோகும் ஆபத்து, உறைந்த இன்சுலின் மறுபடி இளகினாலும் வேலைக்கு ஆகாது. சட்டைக்கு உள்பக்கப் பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் அதே மாதிரி. குளிரில் அளவு தப்பாகக் காட்டும் அல்லது எரர் வரும். குளிரும் நடையும் சேர்ந்தால் சர்க்கரை இறங்கும். அந்த நடுக்கத்தைக் குளிர் நடுக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. கையில் குளுக்கோஸ் இருக்கணும்.

4 வயதுப் பெண்ணுக்குச் சளி பிடித்திருந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் காது வலிக்கும். உறிஞ்சிக் குடிக்க ஏதாவது கொடுங்கள்.

கம்பிவடம்

சேர் லிஃப்ட் பற்றி. ஐஸ் ஃப்ளையர் ஆறு பேர் உட்காரும் திறந்த நாற்காலி. உங்கள் ஆறு பேருமே ஒரே நாற்காலியில் போகலாம், ஆனால் யார் எங்கே என்பதை வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்யுங்கள். சிறுமி நடுவில், இரு பக்கமும் பலமுள்ள பெரியவர். தாத்தா பாட்டிக்கு நடுவில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். நாற்காலி வந்து தட்டுகிற நொடியில் பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்கிற ஆள் பக்கத்தில் வேண்டும்.

நாற்காலி நிற்காது, பின்னாலிருந்து வரும். தரையில் கோடு போட்டிருக்கும். கோட்டில் நின்று, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, இருக்கையின் விளிம்பு முழங்காலின் பின்பக்கம் தொடும்போது உட்கார்ந்துவிடணும். முன்னாடியே குந்தினால் தட்டிவிடும், தாமதித்தால் இழுத்துப்போகும். உட்கார்ந்ததும் முதுகு பின்னால் ஒட்டட்டும். தலைக்கு மேல் இருக்கும் தடுப்புக் கம்பியை எல்லோரும் தலையை உள்ளே இழுத்த பிறகு இறக்கணும். உயரமானவர் தலையில் அது மோதுவது வாடிக்கை. முதுகுப் பையைக் கழற்றி மடியில் வையுங்கள். முதுகிலேயே இருந்தால் இருக்கையின் நுனியில்தான் உட்கார முடியும், வார் நாற்காலியில் மாட்டினால் இறங்கும்போது ஆளையும் சேர்த்து இழுக்கும்.

இறங்கும் இடத்தில் கம்பியைத் தூக்கச் சொல்லிப் பலகை இருக்கும். அதற்கு முன்னால் தூக்காதீர்கள். கால் தரையில் பட்டதும் எழுந்து, நேராக நாலு எட்டு நடந்து ஒதுங்குங்கள். எழுந்த இடத்திலேயே நின்று போட்டோ எடுப்பவர்மேல் அடுத்த நாற்காலி வந்து மோதும். வயதானவர்கள் இருந்தால் ஏறுமுன்பே பணியாளரிடம் கையைக் காட்டிச் சொல்லுங்கள், வேகத்தைக் குறைத்துத் தருவார்கள். இதில் கூச்சமே வேண்டாம், அவர்கள் தினமும் செய்கிற வேலை அது.

நடுவழியில் நின்றுபோனால்? பெரும்பாலும் நிலையத்தில் யாரோ இடறியிருப்பார்கள், ஒன்றிரண்டு நிமிடத்தில் ஓடும். காற்று அளவு மீறினாலும் நிறுத்துவார்கள். மின்சாரம் போனாலும் துணை எஞ்சின் மெதுவாக இழுத்து நிலையத்தில் சேர்க்கும். கம்பியைத் தூக்காமல், நாற்காலியை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பதுதான் உங்கள் வேலை. தரை பக்கத்தில் தெரிகிறது என்று குதிப்பது மட்டும் கூடவே கூடாது. பனியில் உயரம் கண்ணுக்குத் தப்பும், அடியில் பிளவும் இருக்கலாம்.

கெடிலக்கரை

ரொம்ப நன்றி. பாலம் பற்றியும் சொல்லுங்கள் சார். மோர்பி சம்பவத்துக்குப் பிறகு அம்மாவுக்குத் தொங்கு பாலம் என்றாலே பயம்.

கம்பிவடம்

அந்தப் பயம் நியாயமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2022 அக்டோபர் 30 அன்று குஜராத் மோர்பியில் பாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது என்ன? முக்கிய வடத்தில் மொத்தம் 49 கம்பிகள். அதில் 22 கம்பிகள் துருப்பிடித்து முன்பே அறுந்திருந்தன. புதுப்பிப்பு என்ற பெயரில் தளத்தை மாற்றினார்கள், வடத்தை மாற்றவில்லை. புதிய அலுமினியத் தளம் கனத்தைக் கூட்டியது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்று கட்டுப்பாடில்லாமல் டிக்கெட் கொடுத்தார்கள். தேய்ந்த வடம், கூடிய சுமை, எண்ணாத கூட்டம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. பாலம் ஆடியதால் அறுந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தது, துரு தெரியவில்லை.

எந்த ஊர்த் தொங்கு பாலத்திலும், நம் ஊர்ச் சுற்றுலா இடங்களிலும், ஏறுமுன் இவற்றைப் பாருங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற பலகை இருக்கிறதா, அதைக் காவல் காக்க ஆள் இருக்கிறாரா, வடம் பாறையில் அல்லது கான்கிரீட்டில் நுழைகிற இடத்தில் செந்துரு வடிந்த கறை இருக்கிறதா, பிடிப்பான்களின் நட்டு போல்ட்டு தளர்ந்திருக்கிறதா. வடம் நடுவில் கெடுவதைவிட, தண்ணீர் தேங்குகிற அந்த நுழைவிடத்தில்தான் முதலில் கெடும்.

கிளிஃப் வாக் 2012 டிசம்பரில் திறந்தது. நீளம் 100 மீட்டர், அகலம் ஒரு மீட்டர், கடல் மட்டத்திலிருந்து 3,041 மீட்டர். அடியில் பள்ளம் 500 மீட்டர் வரை. ஆடத்தான் செய்யும். தொங்கு பாலம் தூளி மாதிரி, சுமை எங்கே இருக்கிறதோ அங்கே தாழ்ந்து கொடுத்துத் தாங்கும். விறைப்பாக நின்றால்தான் ஆபத்து. சாதாரண நடையில் நாம் நொடிக்கு இரண்டு அடி வைக்கிறோம். நிறைய பேர் ஒரே தாளத்தில் வைத்தால் பாலத்தின் சொந்த அதிர்வோடு சேர்ந்து ஆட்டம் பெருகும். 1831இல் இங்கிலாந்தின் பிராட்டன் பாலம் படைவீரர்கள் அணிவகுத்து நடந்தபோது விழுந்தது. லண்டன் மில்லேனியம் பாலத்தை 2000 ஜூனில் திறந்து இரண்டே நாளில் மூடினார்கள், பக்கவாட்டு ஆட்டம். அதிர்வைத் தணிக்கும் கருவிகள் பொருத்தி 2002இல்தான் திரும்பத் திறந்தார்கள். ஆகவே பையனிடம் சொல்லிவையுங்கள்: பாலத்தில் குதிக்கிற விளையாட்டு வேண்டாம். அவனுக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் வரும் பாட்டிக்குக் கால் தடுமாறும்.

நடக்கும்போது ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். எதிரே ஆள் வந்தால் இருவரும் பக்கவாட்டில் திரும்பித்தான் கடக்கணும். காலடியைப் பார்க்காமல் மறுமுனைப் பாறையைப் பார்த்து, நிறுத்தாமல், சிறு சிறு அடியாகப் போனால் நூறு மீட்டர் சீக்கிரம் முடிந்துவிடும். பயம் நடுவில் நின்றால்தான் பிடிக்கும். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லையென்றால் தெற்குச் சுவர் ஜன்னலில் நின்று பார்க்கட்டும், அதே பள்ளம், அதே பனிமலைகள் அங்கிருந்தே தெரியும். கட்டாயப்படுத்த வேண்டாம்.

ஊசுட்டேரி

வானிலை பார்க்கறது எப்படின்னு யாரும் சொல்லலையே. எங்கெல்பெர்க்கில் மேகமூட்டமா இருந்தா டிக்கெட்டைத் தள்ளிப்போடாதீங்க, மலையோட நேரடி கேமரா இணையத்தில் இருக்கு, அதைப் பாருங்க. கீழே மூட்டமா இருக்கிறப்போ மேலே வெயில் காய்கிற நாள் உண்டு, குறிப்பா இலையுதிர் காலத்துலயும் குளிர்காலத்துலயும். இதுக்கு நேர் எதிரா, தெற்கிலேருந்து ஃபோன்னு ஒரு மலைக்காத்து அடிக்கும். வானம் பளிச்னு இருக்கும், லிஃப்ட் எல்லாம் நிறுத்தம். நீல வானத்தை நம்பி ஏமாறாதீங்க. மலை கேபிள் கார், லிஃப்ட்களோட இயக்க நிலை காட்டற இணையப் பக்கத்துல எது திறந்திருக்குன்னு காலையில பார்த்துட்டுக் கிளம்புங்க. மூணு நாள்ல டிட்லிஸுக்கு இந்த நாள்னு முன்கூட்டியே குறிச்சு வைக்காம, நல்ல நாளைப் பார்த்து வச்சுக்கோங்க.

மேலே ரெண்டும் மூடியிருந்தா டிரூப்சே பக்கத்திலேருந்து யோக்பாஸுக்கு ஒரு சேர் லிஃப்ட் போகுது, 2,207 மீட்டர்தான். கோடையில ஓடும். பெரியவங்களுக்கு அதுவே சுகம்.

முத்தியால்பேட்டை

நல்ல யோசனை, ஐஸ் ஃப்ளையரைவிட அப்பா அம்மாவுக்கு யோக்பாஸ் பொருத்தம் என்றுகூடச் சொல்வேன்.

உடை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். எங்கெல்பெர்க்கில் 20 என்றால் மேலே ஆறேழு டிகிரி. காற்று அடித்தால் உறைகிற குளிராகத் தோன்றும். அம்மா புடவைதான் கட்டுவார் என்றால் உள்ளே தெர்மல் பேண்ட், கம்பளிக் காலுறை. முந்தானையை முழுக்கச் செருகி மேலே ஜிப் வைத்த ஜாக்கெட். சேர் லிஃப்டில் தொங்குகிற முந்தானையோ துப்பட்டாவோ மஃப்ளர் நுனியோ மாட்டக் கூடாது. கொசுவம் பனியில் நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், ஆகவே அந்த ஒரு நாள் சுடிதார் என்று பேசிப் பார்ப்பது உத்தமம். செருப்பு, வழுவழு அடி ஷூ இரண்டும் ஆகாது; அடியில் ஆழமான வரி வேண்டும். காதை மூடும் குல்லா, கையுறை, கறுப்புக் கண்ணாடி ஆளுக்கொன்று. பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் அரை மணியில் கண் கூசி நீர் வடியும், குழந்தைக்கும் கண்ணாடி அவசியம். முகத்துக்கு சன்ஸ்கிரீன்.

சாப்பாடு எடுத்துப் போகலாம். ஆனால் இந்தியாவிலிருந்து நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு, இறைச்சி எதுவும் கொண்டுபோகக் கூடாது, ஐரோப்பிய எல்லையில் பறிமுதல் ஆகும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி, தேங்காய் சேர்க்காத உலர்ந்த பலகாரம் தொல்லையில்லை. பாரிஸிலோ லுசேர்னிலோ சமையலறை இருந்தால் சாதம் வடித்துக் கிளறிக்கொண்டு போங்கள்.

விசா: பிரான்ஸில் அதிக நாள் தங்குவதால் பிரெஞ்சு ஷெங்கன் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்கணும், புதுச்சேரியிலேயே விண்ணப்ப மையம் இருக்கிறது. அதே விசாவில் சுவிட்சர்லாந்து போகலாம். சுவிஸ் ஹோட்டல் பதிவையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் காட்டுங்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ, அதில் மலை மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

பாகூர் பாலு

தங்கை குடும்பமும் சுவிட்சர்லாந்துக்குக் கூட வருவதாக இருந்து, அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை என்றால் அடையாள அட்டையே போதும். ஆனால் அவர்கள் போன் சிம்மைக் கவனிக்கச் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, பிரெஞ்சு சிம்மின் இலவச ரோமிங் பல பிளான்களில் அங்கே செல்லாது. எல்லை தாண்டியதும் டேட்டாவை அணைத்துவிட்டு பிளானைப் பார்த்த பிறகு திறக்கட்டும். டிக்கெட் போனில் இருந்தால் ஒரு காகிதப் பிரதியும் வையுங்கள், குளிரில் பேட்டரி திடீரென்று இறங்கிவிடும்.

கெடிலக்கரை

அருமை. இங்கேயே முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா? அப்பா சோளிங்கர் ரோப் காரில் போயிருக்கிறார், பிரச்சனை இல்லை.

கம்பிவடம்

சோளிங்கர், பழனி எல்லாம் மூடிய பெட்டி. திறந்த நாற்காலியில் கால் தொங்கும்போது வருகிற உணர்வு வேறு. அதற்கு மலம்புழா பொருத்தம். பாலக்காடு ஜங்ஷனிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில்தான். அணைப் பூங்காவுக்கு மேல் போகும் திறந்த இருக்கை ரோப்வே, கீழே தொங்கு பாலமும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். 1955இல் காமராஜர் திறந்த அணை அது.

வில்லியனூர் செவிலி

உயரத்துக்கு ஊட்டி தொட்டபெட்டா, 2,637 மீட்டர். அங்கே மெதுவாக நடந்து அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அது தாங்கினால் டிட்லிஸ் நிச்சயம் தாங்கும் என்று அர்த்தமில்லை, ஆனால் அங்கேயே மூச்சு வாங்கினால் முடிவு தெளிவு. போய் வந்த பிறகு டாக்டரிடம் அந்த விவரத்தைச் சொல்லுங்கள், வெறுமனே "மலைக்குப் போகலாமா" என்று கேட்பதைவிட அவருக்கும் அதுதான் உதவும்.

கெடிலக்கரை

கடைசியாக ஒன்று. பெண்ணுக்குத் தள்ளுவண்டி கொண்டு போகலாமா?

முத்தியால்பேட்டை

கேபின் வரை போகும், பனியிலும் பாலத்திலும் சேர் லிஃப்டிலும் போகாது. லுசேர்ன் ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு, முன்பக்கம் கட்டும் குழந்தைப் பையும் வேண்டாம், கையைப் பிடித்து நடத்துங்கள். களைத்தால் தூக்குவது நீங்களோ உங்கள் வீட்டம்மாவோ, தாத்தாவிடம் கொடுக்காதீர்கள்.